மதகைத் திறக்கச் சொல்வது எப்படி? நிகழ்வோடு செயற்கூறை இணைக்கும் வழிகளில் தொடக்கநிலைக்கு உரியது எது

கொழிஞ்சாம்பாறையில் சனி, ஞாயிறு இரு நாளும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி விளையாட்டு உருவாக்கக் கற்றுத் தருகிறேன். வருபவர்களில் ஒரு பகுதியினர் பாலக்காடு மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழ் வழியில் படிப்பவர்கள். மற்றவர்கள் வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருபவர்கள். ஒவ்வொரு புதிய அணி சேரும்போதும் நான் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. விளையாட்டில் ஏதோ ஒன்று நடக்கும்போது, அதாவது ஒரு நிகழ்வு உண்டாகும்போது, நாம் எழுதிவைத்த ஒரு செயற்கூறு (ஒரு வேலைக்கான கட்டளைகளின் தொகுப்பு, ஆங்கிலத்தில் ஃபங்ஷன்) ஓடவேண்டும் என்று கணினிக்குச் சொல்வதற்குப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் எதை முதலில் சொல்லித் தருவது, எதைத் தள்ளிப்போடுவது என்பதே அந்த முடிவு. வகுப்பில் ஆர்வத்தோடு தொடங்கிப் பாதியில் சோர்ந்துபோன பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், அவர்களில் பலர் சிக்கிக்கொண்டது இந்த இடத்தில்தான் என்பதால், வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதிவைப்பது பயன்படும் என்று கருதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரே விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு வகுப்பில் 'மதகு' என்று பெயர். வாய்க்கால் ஓரத்தில் ஒரு மிதிகல் இருக்கும், ஆட்டக்காரர் அதன்மேல் ஏறினால் மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் பாயும், இறங்கினால் மூடிக்கொள்ளும், வயல் நிறைந்தால் ஒரு மதிப்பெண். நிரல் வரிகளைப் படிப்பதற்கு எளிதாகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் தட்டும்போது கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். நாம் வைக்கும் பெயர்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த விளையாட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் ஊரிலேயே இருக்கிறது. ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப் புழை வழியாக மூலத்தறைக்கு வந்து, அங்கிருந்து இடது கரை, வலது கரைக் கால்வாய்களில் பிரிகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு விடப்படவேண்டும் என்ற கணக்கு எங்கள் பக்கத்தில் டீக்கடைப் பேச்சிலேயே அடிபடும். தண்ணீருக்காகக் காத்திருக்கும் விவசாயி இரண்டு விதமாகக் காத்திருக்கலாம். மணிக்கு ஒரு தரம் வாய்க்கால் வரைக்கும் நடந்துபோய், வந்துவிட்டதா என்று பார்த்துத் திரும்பலாம். அல்லது ஷட்டர் இயக்குபவரிடம் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, திறந்தவுடன் கூப்பிடச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். விளையாட்டு நிரலிலும் அடிப்படையில் இந்த இரண்டே முறைகள்தான் இருக்கின்றன. மற்றவை எல்லாம் எண்ணை எப்படி எழுதிக் கொடுப்பது என்பதில் வரும் வேறுபாடுகள்.

முதல் முறை, ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு தரமும், கேட்டுப் பார்ப்பது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில், ஆட்டக்காரர் மிதிகல்மேல் இருக்கிறாரா என்று நொடிக்கு 60 தரம் கேட்கிறோம். தொடங்குபவர்களுக்கு இது மிகவும் இயல்பாகப் புரிகிறது, ஏனென்றால் 'இருந்தால் செய்' என்பது அவர்கள் ஏற்கெனவே அறிந்த வாக்கியம். ஆனால் மதகு திறக்கும் ஓசையைச் சேர்த்தவுடன் குட்டு வெளிப்படுகிறது: ஆட்டக்காரர் கல்மேல் நிற்கும் அத்தனை நேரமும் ஓசை நொடிக்கு 60 தரம் புதிதாகத் தொடங்கி, காதைத் துளைக்கும் ஒரு ரீங்காரமாகிவிடுகிறது. அதைச் சரிசெய்ய, ஏற்கெனவே திறந்தாயிற்றா என்று நினைவில் வைக்கும் ஒரு மாறி வேண்டும். மூடும்போது அதை மாற்றவேண்டும். மூன்று மதகு என்றால் மூன்று மாறிகள். இதனால் இந்த முறையே தவறு என்று சொல்லமாட்டேன். அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஆள் நடக்கவேண்டும் என்பதைப் போன்ற, தொடர்ந்து நடக்கும் வேலைக்கு இதுவே சரியான வழி. ஒரு கணத்தில் நடந்து முடியும் செய்திக்கு இது பொருந்தாது.

இரண்டாவது முறைக்குள் நுழைவதற்கு முன் ஸ்க்ராட்ச் என்ற, கட்டைகளைக் கோத்து நிரல் அமைக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் வழியாகவும் தகவல் தொழில்நுட்பப் பாடம் வழியாகவும் இங்குள்ள பிள்ளைகள் பலர் ஸ்க்ராட்ச் கட்டைகளைக் கோத்துப் பழகியவர்கள். அதில் ஓர் உரு ஒரு செய்தியை ஒலிபரப்பும்; அந்தச் செய்தி வந்தால் செய்யவேண்டியதை மற்ற உருக்கள் தத்தம் இடத்தில் வைத்திருக்கும். அனுப்புபவருக்குக் கேட்பவர் யார் என்று தெரியவேண்டிய தேவையில்லை. நிகழ்வு என்ற கருத்தின் சாரம் இதிலேயே வந்துவிடுகிறது. இல்லாதது ஒன்றுதான்: இணைப்பு என்பது தனியாக ஒரு பொருளாக அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே எல்லையின் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிகழ்வை விளக்கவேண்டியதில்லை, இணைப்பை மட்டும் விளக்கினால் போதும். ஸ்க்ராட்ச் பக்கமே போகாதவர்களுக்கு இரண்டையும் விளக்கவேண்டும்.

இனி எண்ணை எழுதிக் கொடுக்கும் விதங்கள், அதாவது நிகழ்வோடு செயற்கூறை இணைக்கும் விதங்கள். பெயரை வைத்துத் தானாகப் பிடித்துக்கொள்ளும் விதம் ஒன்று உண்டு. யூனிட்டி என்ற, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் (எஞ்சின் என்பார்கள்) 'ஆன்டிரிகர்என்டர்2டி' என்ற பெயரில் ஒரு செயற்கூறு எழுதினால் போதும்; இணைக்கும் வரி எதுவும் வேண்டாம், மோதல் நடக்கும்போது எஞ்சினே அதைத் தேடி அழைக்கும். இன்னொரு எஞ்சினான கோடோவில் 'ரெடி' (தொடக்கத்தில் ஒரு தரம் ஓடுவது), 'பிராசஸ்' (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடுவது) ஆகிய, அடிக்கோட்டில் தொடங்கும் செயற்கூறுகளும் இதே வகைதான். எழுத வேண்டியது குறைவு என்பதால் இது எளிது போலத் தோன்றும். என் கணக்கில் தொடக்கநிலைக்கு இதுவே மிகவும் கொடுமையானது. ஒரு பெரிய எழுத்து சிறிய எழுத்தாகிவிட்டாலோ, நடுவில் ஓர் எழுத்து விடுபட்டாலோ, அந்தச் செயற்கூறு எஞ்சினின் கண்ணில் வேறு ஏதோ ஒரு சாதாரணச் செயற்கூறு ஆகிவிடும். பிழைச்செய்தி வராது. எதுவுமே நடக்காது. பிழைச்செய்தி வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். ஒன்றும் நடக்காமல் இருப்பதைக் கண்டு, ஆங்கிலம் இன்னும் முழுதாகக் கைவராத 12 வயதுப் பிள்ளை எழுத்துப்பிழையைச் சந்தேகிக்காமல் தன் அறிவையே சந்தேகித்துக்கொள்கிறது.

எஞ்சினின் எடிட்டர் திரையில் கையால் கோக்கும் விதம் அடுத்தது. கோடோவில் மிதிகல்லைத் தேர்ந்து, ஓரத்தில் உள்ள பலகையில் சிக்னல்கள் (கோடோவில் நிகழ்வுகளுக்குப் பெயர்) பட்டியலைத் திறந்து, 'பாடி என்டர்டு' (ஓர் உடல் நுழைந்தது) என்பதை இருமுறை சொடுக்கினால், எந்த நோடின் (காட்சியில் உள்ள பொருளின்) நிரலில் செயற்கூறு வேண்டும் என்று கேட்கும். ஒப்புக்கொண்டவுடன் செயற்கூறின் தலைப்பு வரியை அதுவே எழுதித் தந்து, அந்த வரியின் இடப்புறத்தில் ஒரு சிறிய பச்சை அடையாளத்தையும் வைக்கும். அந்தப் பச்சை அடையாளத்தைப் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். இணைப்பு இருக்கிறது என்பதற்குக் கண்ணால் காணும் சாட்சி அது. பெயரில் எழுத்துப்பிழை வர வழியில்லை. நிகழ்வு எத்தனை தகவல்களை (நுழைந்தது எது என்பது போன்றவை) கையில் கொடுக்கும் என்பதும் தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது. முதல் நாளே மதகு திறந்து தண்ணீர் பாய்வதைக் காட்டவேண்டும் என்றால் இதற்கு ஈடில்லை.

நானும் ஓராண்டு முழுதும் இதைத்தான் முதலில் கற்பித்தேன். கைவிட்டதற்குக் காரணம் ஒரு பென் டிரைவ். நாட்டுக்கல்லிலிருந்து வரும் ஒரு மாணவன், வகுப்பில் நன்றாக ஓடிய தன் மதகு விளையாட்டின் நிரல் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டுபோய், வீட்டில் புதிதாக ஒரு காட்சியை, அதாவது பொருள்களை அடுக்கிய ஆட்டக்களத்தை, அமைத்து அதில் அந்த நிரலை ஒட்டினான். மிதித்தால் மதகு திறக்கவில்லை. நிரலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. மறுவாரம் வந்து, "சார், நம்ம வகுப்புக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தானுங்க ஓடுது" என்றான். அவன் சொன்னது ஒருவகையில் உண்மை. எடிட்டரில் கோத்த இணைப்பு நிரல் கோப்பில் இருப்பதில்லை. காட்சிக் கோப்பில் தனி வரியாக எழுதப்படுகிறது. நிரல் கோப்பைப் படித்துப் பார்ப்பவருக்கு அந்தச் செயற்கூறை யார் அழைக்கிறார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் கிடைக்காது. செயற்கூறின் பெயரை நிரலில் மட்டும் மாற்றினாலும் இதே கதைதான்: காட்சிக் கோப்பு பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும், மிதிக்கும்போது அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்று வெளியீட்டுப் பலகையில் ஒரு சிவப்பு வரி வரும். யூனிட்டியில் பொத்தானுக்கு இன்ஸ்பெக்டர் பலகையில் செயற்கூறைக் கோப்பதிலும் பண்பு இதுவே. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நிரலால் புதிதாக உண்டாக்கும் பொருளை முன்கூட்டியே எடிட்டரில் கோக்க இயலாது என்ற வரம்பும் உண்டு. அது பின்னால் வரும் சிக்கல் என்பதால் முதல் மாதத்தில் பெரிதாகத் தெரியாது.

மூன்றாவது விதம், நிரலிலேயே ஒரு வரியில் இணைப்பது. கோடோ 4-இல் அது இப்படி இருக்கும்: மிதிகல்.பாடி_என்டர்டு.கனெக்ட்(மதகைத்திற). ரோப்லாக்ஸ் விளையாட்டுத் தளத்தின் லுவாவ் மொழியில்: மிதிகல்.டச்டு:கனெக்ட்(மதகைத்திற). யூனிட்டியில் எழுதும் சி ஷார்ப் மொழியில் கூட்டல் குறியும் சமக் குறியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. எந்தப் பொருள், அதன் எந்த நிகழ்வு, அதற்கு எந்தச் செயற்கூறு என்ற மூன்றும் ஒரே வரியில், வாசிக்கும் வரிசையிலேயே நிற்கின்றன. கோடோ 3-இல் நிகழ்வின் பெயரையும் செயற்கூறின் பெயரையும் மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்துச் சரங்களாகக் கொடுக்கவேண்டியிருந்ததால், பெயரில் பிழை இருந்தால் ஓடிப் பார்த்தபிறகே தெரியவந்தது. 2023 மார்ச்சில் வந்த 4-ஆம் பதிப்பில் அவை உண்மையான பெயர்களாகிவிட்டதால், தட்டும்போதே எடிட்டர் தட்டிக்கேட்கிறது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதிக்குமேல் பழைய முறையில் இருப்பதுபோல் எனக்குத் தோன்றுவதால், மேற்கோள் குறியோடு கனெக்ட் வரி இருந்தால் அந்தப் பாடத்தை மூடிவிடுங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது வழக்கம்.

இந்த வழியில் எல்லோரும் தவறாமல் தடுக்கி விழும் ஒரு படி இருக்கிறது. செயற்கூறின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டுவிடுவது. செயற்கூறை அழைக்கும்போதெல்லாம் அடைப்புக்குறி போடவேண்டும் என்று அதற்கு முந்தைய வாரம்தான் நாமே வற்புறுத்தியிருப்போம். கை பழக்கத்தில் போட்டுவிடும். சென்ற அணியில் ஒரு மாணவி ரோப்லாக்ஸ் ஸ்டுடியோவில் மிதிகல்.டச்டு:கனெக்ட்(மதகைத்திற()) என்று எழுதிவிட்டு, "சார், நான் மிதிக்கவே இல்லீங்க, அதுக்குள்ள மதகு திறந்துக்கிச்சுங்க" என்று திகைத்தாள். அடைப்புக்குறி போட்டால், மதகைத்திற என்ற செயற்கூறு அந்த இடத்திலேயே ஓடி முடிந்துவிடும்; அது எதையும் திருப்பித் தராததால், கனெக்டின் கைக்கு வருவது வெறுமை. ஷட்டர்காரரிடம் எண்ணை எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, அவர் முன்னாலேயே அந்த எண்ணுக்கு அழைத்துப் பேசி முடித்துவிட்டு, வெற்றுத் தாளை நீட்டுவது போன்றது அது. இந்த உவமையைச் சொன்னபின் அந்த வகுப்பில் யாரும் அந்தப் பிழையைச் செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான். செய்தார்கள், ஆனால் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பிழை நேர்ந்தால் ஒவ்வொரு கருவியும் என்ன சொல்கிறது என்பதை ஒப்பிடுவது, கருவியைத் தேர்வதற்கே உதவுகிறது. சி ஷார்ப் நிரலை ஓடவே விடாது; வகை பொருந்தவில்லை என்று தொகுக்கும்போதே நிறுத்திவிடும். கோடோவில், நிகழ்வு தரும் தகவலை வாங்கிக்கொள்ளும் செயற்கூறாக இருந்தால் கொடுக்கவேண்டியது குறைகிறது என்றும், எதையும் திருப்பித் தராது என்று அறிவித்த செயற்கூறாக இருந்தால் அதன் மதிப்பைப் பயன்படுத்த முடியாது என்றும், கனெக்ட் வரியின்மேலேயே சிவப்பு விழும். லுவாவில் நிரல் ஓடத் தொடங்கிய பிறகே தெரியும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. செயற்கூறு தன்னைத் தொட்ட பொருளைப் பயன்படுத்துவதாக இருந்தால், தொட்டது எதுவுமே இல்லாமல் அது ஓடுவதால், பிழை செயற்கூறின் உள்ளே இருக்கும் வரியில் வெடிக்கும். பிழைச்செய்தி சுட்டும் வரி சரியானது. தவறு பத்து வரி கீழே, கனெக்டில் இருக்கிறது. பிள்ளை சரியான வரியையே திரும்பத் திரும்பத் திருத்தி, அதையும் கெடுத்துவிடும். லுவாவில் இன்னும் இரண்டு பொடிவிஷயங்கள்: லோக்கல் என்று அறிவித்த செயற்கூறு கனெக்ட் வரிக்கு மேலே இருக்கவேண்டும், கீழே இருந்தால் அந்தப் பெயர் அந்த வரியில் இன்னும் பிறந்திருக்காது, கனெக்டுக்கு முன் புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி வேண்டும். கோடோவில் செயற்கூறு கோப்பின் எந்த இடத்தில் இருந்தாலும் கவலையில்லை.

ரோப்லாக்ஸ் பாடங்களில் பெரும்பாலும் காணப்படுவது நான்காவது விதம்: பெயரில்லாச் செயற்கூறைக் கனெக்டின் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதிவிடுவது. பெயர் யோசிக்கும் வேலை இல்லை. அடைப்புக்குறிப் பிழை வர வாய்ப்பில்லை. என்ன நடக்கும் என்பது நிகழ்வின் பக்கத்திலேயே இருக்கிறது. கோடோவிலும் சி ஷார்ப்பிலும் இதற்கு வழி உண்டு. மூன்று மதகுகளைச் சுற்றாணையால் (ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் கட்டளையால்) இணைக்கும்போது, ஒவ்வொரு பெயரில்லாச் செயற்கூறும் தன் மதகு எது என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்வது பெரிய வசதி. கோடோவில் அதே வசதியைப் பெயருள்ள செயற்கூறுக்கும் 'பைண்ட்' என்ற கட்டளை தருகிறது.

ஆனாலும் இதைத் தள்ளிப்போடவேண்டும் என்றே சொல்வேன். இறுதியில் 'எண்ட்' என்ற சொல்லும் அதையொட்டி ஒரு மூடும் அடைப்புக்குறியும் வரவேண்டும் என்பதில் தொடங்கும் தொல்லை சிறியது. பெரிய தொல்லை, இணைப்பைத் துண்டிக்கும்போது வருவது. பெயர் எழுதாமல் எண்ணை மட்டும் குறித்துக்கொடுத்தால், பிறகு 'என் எண்ணை அடித்துவிடுங்கள்' என்று சொல்லப்போகும்போது எதை அடிப்பது என்று ஷட்டர்காரருக்குத் தெரியாது. லுவாவில் கனெக்ட் திருப்பித் தரும் இணைப்பை ஒரு மாறியில் பிடித்துவைத்திருந்தால் மட்டுமே துண்டிக்கலாம். சி ஷார்ப்பில், அதே எழுத்துகளை மறுபடி எழுதிக் கழித்தல் குறி போட்டால், அது வேறொரு புதிய செயற்கூறு என்று கருதப்பட்டுப் பழையது அப்படியே நிற்கும். கோடோவில் பெயரில்லாச் செயற்கூறு, தன்னைச் சூழ்ந்த செயற்கூறுக்குள் அறிவித்த எண் மாறியின் மதிப்பைத் தான் உருவாகும் கணத்திலேயே படியெடுத்துக்கொள்கிறது. அப்படி அறிவித்த மதிப்பெண்ணை உள்ளே கூட்டினால் வெளியே இருப்பது மாறுவதில்லை. இவையெல்லாம் தொடங்குபவர் முதல் மாதத்தில் சந்திக்கவேண்டிய எதிரிகள் அல்ல.

துண்டிப்பைப் பற்றிப் பேசினால் இரட்டை இணைப்பைப் பற்றியும் பேசியாகவேண்டும், ஏனென்றால் எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒருநாள் அது வந்தே தீரும். ஒரு வயல் நிறைந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்கும் செயற்கூறுக்குள், மிதிகல்லை இணைக்கும் வரியையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். முதல் சுற்றில் ஒரு மதிப்பெண், இரண்டாம் சுற்றில் இரண்டு, மூன்றாம் சுற்றில் மூன்று என்று ஏறும். பிள்ளைகள் இதை விளையாட்டின் சிறப்பு அம்சமாகவே எடுத்துக்கொண்டு மகிழ்ந்த நாட்களும் உண்டு. ஒரே எண்ணைச் சுற்றுக்கு ஒரு தரம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தால், தண்ணீர் திறக்கும்போது அத்தனை தரம் மணி அடிக்கும். லுவாவும் சி ஷார்ப்பும் இதை எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். கோடோவோ, ஒரே நிகழ்வில் ஒரே செயற்கூறை இரண்டாம் தரம் இணைக்கப் போனால், ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்று பிழை காட்டி மறுத்துவிடும். ஆனால் பெயரில்லாச் செயற்கூறாக இருந்தால் ஒவ்வொரு தரமும் புதியதொன்று என்பதால் கோடோவாலும் கண்டுபிடிக்க முடியாது. பெயர் வைத்து இணைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நிகழ்வுகள் தம்மளவில் நடந்துகொள்ளும் விதமும் கருவிக்குக் கருவி மாறுகிறது. ரோப்லாக்ஸில் தொடுதல் நிகழ்வு, ஆட்டக்காரரின் ஒவ்வோர் உறுப்பும் தொடும்போது தனித்தனியாக எழும். ஆர்15 என்ற உடலமைப்பில் 15 உறுப்புகள் உண்டு. நடந்துபோகும் ஒருவர் மிதிகல்லைக் கடப்பதற்குள் மதகு பல தரம் திறந்து மூடும். அதைத் தடுக்க, சிறிது நேரத்துக்கு மறு அழைப்பைப் புறக்கணிக்கும் ஒரு மாறியை வைக்கவேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் கேட்கும் முறையில் எந்த மாறியிலிருந்து தப்பிவந்தோமோ அதுவே மீண்டும் வாசலில் வந்து நிற்கிறது. கோடோவின் ஏரியா நோடில் ஓர் உடல் நுழைந்தால் ஒரு தரம், வெளியேறினால் ஒரு தரம் என்று இரு நிகழ்வுகள் தனித்தனியாக உண்டு. மதகு விளையாட்டுக்கு அவை அளவெடுத்துத் தைத்தவை. நிகழ்வு கொடுக்கும் தகவலை வாங்கிக்கொள்ளாத செயற்கூறை லுவாவ் பொறுத்துக்கொள்ளும். கோடோ, எண்ணிக்கை பொருந்தவில்லை என்று நிகழ்வு எழும் நேரத்தில் பிழை காட்டி அழைக்க மறுக்கும். கண்டிப்பான ஆசிரியரே தொடக்கத்துக்கு நல்லவர் என்பது என் சாய்வு. அதை ஏற்காதவர்கள் இருக்கலாம்.

ஒரே ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டுத் தானே துண்டித்துக்கொள்ளும் இணைப்புகள் லுவாவிலும் கோடோவிலும் இருக்கின்றன. நிகழ்வு வரும்வரை அந்த வரியிலேயே காத்து நிற்கும் முறையும் இருக்கிறது. பயனுள்ளவைதான், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கருவியைத் தேர்வதில் ஊரின் நிலைமையும் பேசுகிறது. பிள்ளைகள் கைபேசியில் விளையாடுவது ரோப்லாக்ஸ். அதனால் அதில்தான் உருவாக்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே இயங்கும். கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தரும் குனூ லினக்ஸ் இயங்குதளம்தான் கணினியில் இருக்கிறது; எங்கள் வகுப்பின் பழைய கணினிகளிலும் லினக்ஸே. கோடோ லினக்ஸில் ஓடும், நிறுவும் தேவையே இல்லாமல் பென் டிரைவிலிருந்தும் ஓடும். யூனிட்டிக்குச் சில ஜிபி இடமும் ஓரளவு வலுவான கணினியும் வேண்டும் என்பதால், அதைப் பற்றி இங்கே இதற்குமேல் பேசுவதில் பொருளில்லை.

நாம் வைக்கும் பெயர்களுக்கு விலக்கு உண்டு என்று முன்னர் சொன்னது இதுதான்: கோடோ 4-இல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். சி ஷார்ப்பும் அனுமதிக்கிறது; லுவாவ் அனுமதிப்பதில்லை. முதலில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் வகுப்பில் காட்டினேன். ஆனால் இணைப்பு வரியில் இதனால் விளைந்த பயன் நான் எதிர்பாராதது. 'பாடி_என்டர்டு', 'கனெக்ட்' என்பவை ஆங்கில எழுத்தில் நிற்கின்றன. 'மிதிகல்', 'மதகைத்திற' என்பவை தமிழ் எழுத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் இருப்பதெல்லாம் கோடோவுக்குச் சொந்தம், மாற்றக்கூடாது. தமிழில் இருப்பதெல்லாம் நம்முடையது, எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தபோது எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பிரித்தறிய வாரக்கணக்கில் திணறியவர்கள், ஒரே பார்வையில் பிரித்துவிடுகிறார்கள். தட்டச்சு செய்யும்போது விசைப்பலகையை அடிக்கடி மாற்றவேண்டியிருப்பது இதற்குக் கொடுக்கும் விலை. மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகள் மலையாளத்திலேயே பெயர் வைத்துக்கொள்கிறார்கள், அதையும் கோடோ ஏற்கிறது. இரு மொழியினர் சேர்ந்து ஒரு விளையாட்டைச் செய்யும்போது மட்டும் சிறு பஞ்சாயத்து நடக்கும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, வரும் ஜூனில் சேரும் அணிக்கு நான் வைத்திருக்கும் வரிசை பின்வருமாறு. கருவி கோடோ. முதல் வகுப்பில் ஒவ்வொரு ஃபிரேமிலும் கேட்கும் முறையில் மதகைச் செய்து, ஓசையைச் சேர்த்து, அந்த ரீங்காரத்தை அவர்களே கேட்கும்படி விடுவது. இரண்டாம் வகுப்பில் நேராக நிரலில், 'ரெடி' செயற்கூறுக்குள், பெயருள்ள செயற்கூறை இணைப்பது. அடைப்புக்குறியைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டையும் ஓடவைத்துப் பார்ப்பது, பிழை வரியை உரக்கப் படிப்பது. எடிட்டரில் கோப்பதை நான்காம் வகுப்பு வரைக்கும் காட்டுவதில்லை. காட்டும்போது காட்சிக் கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறந்து, அந்த இணைப்பு வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டுவது. பெயரில்லாச் செயற்கூறு மூன்று மதகுகள் வரும் ஆறாம் வகுப்பில், பைண்டோடு ஒப்பிட்டு. பெயரைப் பார்த்துப் பிடிக்கும் விதத்தில் ரெடியையும் பிராசஸையும் தவிர வேறெதுவும் இந்த அணிக்கு இல்லை.

வீட்டில் விண்டோஸ் மடிக்கணினி வைத்துக்கொண்டு, ரோப்லாக்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஓரிருவர் எல்லா அணியிலும் இருப்பார்கள். அவர்களைத் தடுக்கப்போவதில்லை. செயற்கூறுக்குப் பெயர் வைத்து, கனெக்ட் வரிக்கு மேலே எழுதி, அந்தப் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் கொடுத்து, கனெக்ட் திருப்பித் தருவதை ஒரு மாறியில் பிடித்துக்கொள்ளும்படி மட்டும் சொல்லியனுப்புவேன். உறுப்புக்கு ஒரு தரம் மதகு திறந்து மூடும் தொல்லையை அவர்கள் அடுத்த சனிக்கிழமை தாங்களாகவே கொண்டுவருவார்கள்.